மினுங்கின மரத்துக்குக் காசு கொடுத்து, தேய்ந்த குழலை வாங்கினது: ஒரு கே31 அனுபவம்

1943ஆம் ஆண்டு செய்த ஒரு கே31, அதாவது பழைய சுவிஸ் இராணுவத் துவக்குக்கு 550 பிராங் எண்ணிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அதையே உதிரிப்பாகத்துக்கென்று 180 பிராங்குக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இடையில் ரவைக்கும் சுடுகழகக் கட்டணத்துக்கும் 90, துவக்குத் திருத்துபவருக்கு 80, பொருந்தாத ரவைக்கூட்டுக்கு (ரவை அடுக்குகிற பெட்டி) பதிலாக வாங்கின இன்னொன்றுக்கு 60. காசைவிட வெட்கம்தான் கூடச் சுட்டது. ஏனென்றால் அந்தத் துவக்கில் இருந்த பிழைகள் ஒன்றும் மறைவானவை இல்லை. ஒரு காய்ந்த துணித்துண்டும் ஒரு சின்ன லைற்றும் கையில் இருந்து, எங்கே பார்க்கவேண்டும் என்று முன்கூட்டி ஒருவர் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லித்தர ஆள் இருக்கிறது. தமிழில் இல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

துவக்கைப் பற்றிப் பேச முன் கடவுச்சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், எங்கட ஆட்களுக்கு இதுதான் முதல் படி. சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியின் 12ஆம் பிரிவு சில நாட்டுக் குடிமக்கள் துவக்கு வாங்குவதையும் வைத்திருப்பதையும் சுடுவதையும் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் செர்பியா, துருக்கி, அல்பேனியா போன்றவற்றோடு இலங்கையும் இருக்கிறது. நிரந்தர வதிவிடத்துக்கான சி அனுமதி இருந்தாலும், முப்பது வருடம் இங்கே வரி கட்டியிருந்தாலும், கையில் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும்தான் என்றால் கதை பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. கழகத்தில் நண்பனுடைய துவக்கால் ஒருக்கால் சுட்டுப் பார்ப்பதும் அதற்குள் அடங்கும். சுவிஸ் குடியுரிமை எடுத்தவருக்குத்தான் இந்தத் தடை இல்லை. வீட்டில் அப்பா, அம்மா இலங்கைக் குடிமக்களாக இருந்தால் துவக்குப் பெட்டியின் திறப்பு அவர்கள் கைக்கு எட்டக்கூடாது. என் அம்மா எட்டவும் விரும்பமாட்டா. 'துவக்குக்குப் பயந்துதானே தம்பி இஞ்ச ஓடி வந்தனாங்கள்' என்று அவ கேட்டதற்கு இன்னும் சரியான பதில் என்னிடம் இல்லை.

சரி, சாமானுக்கு வருவோம். கே31, இங்கே 'கா ஐனுண்ட்றைசிக்' என்பார்கள், பேர்ண் நகரத்து அரச ஆயுதத் தொழிற்சாலையில் 1950களின் கடைசிவரை செய்தது. ஐந்து இலட்சத்துக்கு மேல் வெளிவந்தது. மற்ற நாட்டுப் பழைய இராணுவத் துவக்குகளில் பெரும்பாலும் போல்ட்டின் (குழலின் பின்பக்கத்தை மூடுகிற இரும்புத் தண்டு) கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அழுத்தவேண்டும். இதில் நேரே இழுத்து நேரே தள்ளினால் போதும், உள்ளே இருக்கிற சுருள்வரி போல்ட்டின் பூட்டைத் தானாகத் திருப்பும். ரவைக்கூட்டில் ஆறு ரவை. ரவை 7.5 மில்லிமீற்றர் ஜிபி11. இது முக்கியம்: இந்த ரவையின் எரிமருந்தும் பற்றவைக்கும் மூடியும் குழலை அரிக்கிற உப்பை விடாதவை. அதனால் 1940களின் ரஷ்ய, ஜெர்மன் துவக்குகளில் பார்க்கிற மாதிரி உள்ளே கறுத்துப்போன குழல் இதில் அபூர்வம். 'சுவிஸ் சாமான், குழல் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்' என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். நான் ஏமாந்ததற்குக் காரணமும் இதுதான்.

ஆயுதச் சந்தையில் ஒரு மேசையில் ஏழெட்டு கே31 நிரையாக வைத்திருந்தார்கள். ஆறு அசிங்கமாக இருந்தன. பிடங்கின் அடிப்பக்கம் எலி கடித்தது போல, மரம் கறுத்து, பள்ளமும் கீறலும். ஒன்று மட்டும் சிவந்த வால்நட் மரம், மேசையில் இருந்த விளக்கு அதில் தெரிந்தது. கை அதற்குத்தான் போனது. விற்றவர் போல்ட்டை இழுத்துக் காட்டி, குழலை மின்விளக்குப் பக்கம் பிடித்து, 'பாருங்கோ, கண்ணாடி' என்றார். உண்மையில் கண்ணாடி மாதிரித்தான் மினுங்கியது. குழலுக்குள் வெட்டின வரிகள் சுழன்று போவது வடிவாகத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் பேரம் முடிந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பிழை விட்டேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். முதலாவது மரம். கே31-இன் பிடங்கு அடிப்பக்கம் உடைந்திருப்பது வழமை. கல்லுத் தரையில் நிறுத்தி வைத்ததும், பனிக்காலத்தில் சப்பாத்தின் அடியில் ஒட்டின பனியைத் தட்ட அதையே பாவித்ததும் காரணம் என்று சொல்வார்கள். அறுபது, எழுபது வருடம் பழகின துவக்கில் அந்தக் காயம் இல்லையென்றால் யாரோ மரத்தை உரைதாளால் உரைத்திருக்கிறார்கள். உரைத்ததைக் கண்டுபிடிக்க விரல் போதும். பிடங்கின் பின்னால் இருக்கிற இரும்புத் தகட்டின் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். தொழிற்சாலையில் மரம் இரும்போடு மட்டமாகவோ ஒரு மயிரிழை உயரமாகவோ இருக்கும். இரும்பு மரத்தைவிட வெளியே நின்று நகத்தில் தட்டினால், அந்த உயர வித்தியாசம்தான் உரைதாளில் போன மரம். என்னுடையதில் தகட்டைச் சுற்றி ஒரு மில்லிமீற்றர் இரும்பு துருத்திக்கொண்டு நின்றது. அதைத் தொட்டும் பார்த்தேன், 'நல்ல உறுதியான தகடு' என்று நினைத்தேன். மரத்தில் குத்தின முத்திரைகளின் ஓரமும் மழுங்கியிருந்தது. சேகரிப்பாளருக்கு அந்தத் துவக்கின் மதிப்பு அங்கேயே பாதியாகிவிட்டது. மரம் எந்த வகை என்பதிலும் ஒரு குறிப்பு: ஆரம்பகாலத்தவை வால்நட், 1940களின் பிற்பகுதியிலிருந்து வந்தவை பெரும்பாலும் வெளிறின பீச் மரம். 1955ஆம் ஆண்டுத் துவக்கு வால்நட் மரத்தில் நின்றால் பிடங்கை மாற்றியிருக்கலாம் என்று கேள்வி கேளுங்கள்.

இரண்டாவது எண்கள். தொடர் எண் உடற்பகுதியிலும் குழலிலும் போல்ட்டிலும் முழுதாக இருக்கும். ரவைக்கூட்டில் கடைசி இலக்கங்கள் மட்டும். சுவிஸ் இராணுவம் இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பு, அதனால் பொருந்தாத எண் என்பது இராணுவத்தை விட்டு வந்த பிறகு யாரோ கை வைத்ததற்கான அடையாளம். போல்ட் எண் பொருந்தாவிட்டால் அது வெறும் சேகரிப்புக் குறை இல்லை. ரவையின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளி அந்தந்தக் குழலுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்துச் சரிபார்த்தது. வேறு போல்ட் என்றால் அளவுமானி வைத்துப் பார்க்காமல் ஒரு ரவைகூடச் சுடக்கூடாது. எனக்கு போல்ட் பொருந்தியது, ரவைக்கூடு பொருந்தவில்லை. 'அதில என்ன கிடக்கு' என்று விட்டேன். சுடுதிடலில் மூன்றாவது ரவை ஒவ்வொரு தரமும் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. பழைய கூட்டின் உதடு ஒருபக்கம் விரிந்திருந்தது. உடற்பகுதியில் 'பி' என்ற எழுத்து குத்தியிருந்தால் பயப்படவேண்டாம், சேவை முடித்த சிப்பாய்க்கு இராணுவமே துவக்கைத் தனியுடைமையாகக் கொடுத்ததற்கான முத்திரை அது.

மூன்றாவதுதான் பெரிய பிழை. அந்தக் கண்ணாடிக் குழல். வீட்டுக்கு வந்து துடைகோலில் காய்ந்த துணித்துண்டு ஒன்றைப் போட்டு ஓட்டினேன். மஞ்சளாய்க் கொழுப்பு வந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாவற்றிலும் கொழுப்பு. ஐந்தாவதில் கபில நிறம், துரு. எண்ணெயோ கொழுப்போ பூசின குழல் எப்பவும் மினுங்கும். சின்னச் சின்னத் துருக்குழிகளை அது நிரப்பி மட்டமாக்கிவிடும், வெளிச்சம் சிதறாமல் திரும்பும். காய்ந்த பிறகு அதே குழலைப் பார்த்தேன். குழல்வாயிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் உள்ளே வரைக்கும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். அரிக்காத ரவை சுட்ட துவக்கில் இது எப்படி வந்தது? பின்னர் திருத்துபவர்தான் சொன்னார்: தூசி போகாமல் இருக்கட்டும் என்று குழல்வாயில் துணியையோ அடைப்பானையோ செருகி, ஈரமான நிலக்கீழ் அறையில் வருடக்கணக்காக விட்டிருப்பார்கள். துணி ஈரத்தை உறிஞ்சி அந்த ஐந்து சென்ரிமீற்றரில் வைத்திருக்கும். ஆகவே யார் விற்றாலும், கடைக்காரரோ நண்பரோ, முதலில் ஒரு காய்ந்த துண்டு ஓட்ட அனுமதி கேளுங்கள். மாட்டேன் என்றால் மேசையை விட்டு நகருங்கள். அந்த ஒரு கேள்விக்கு வருகிற முகபாவமே பாதிப் பதில்.

செம்புக் கறைக்கான திரவம் வாங்கி, இரண்டு பின்னேரம் செலவழித்து, நாற்பதுக்கு மேல் துணித்துண்டு ஓட்டினேன். துணியில் நீலப்பச்சை வந்தால் அது சன்னத்தின் (ரவையிலிருந்து பறக்கிற குண்டு) மேலுறை விட்ட செம்பு, எடுக்கலாம், பயமில்லை. கறுப்பு எரிமருந்துக் கரி, அதுவும் போகும். கபிலம் துரு. அதன் அடியில் இருக்கிற குழி எந்தத் திரவத்துக்கும் போகாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குழல் முழுக்க ஒரே சீராகக் கொஞ்சம் மங்கலாக இருந்து, வரிகளுக்கு நடுவே நிற்கிற வரிமேடுகளின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் அது சுடும். ஒரு இடத்தில் மட்டும் குழி, அதுவும் வாய்க்குப் பக்கத்தில் என்றால் விடுங்கள். சன்னம் கடைசியாகத் தொடுகிற இடம் அது.

சுடுதிடலுக்குப் போனேன். 300 மீற்றர், ஒரு மீற்றர் விட்டமுள்ள வட்ட இலக்கு, நடுவில் பத்துப் புள்ளி வட்டம் பத்து சென்ரிமீற்றர். நல்ல கே31 படுத்துக் கிடந்து சுட்டால் ஜிபி11 ரவையோடு அந்த நடுவட்டத்தையும் அதற்கு அடுத்ததையும் விட்டு அதிகம் வெளியே போகாது. என்னுடையது ஐந்து ரவையை நாற்பது சென்ரிமீற்றருக்குப் பரப்பியது. கையில் பிழை என்று நினைத்து இன்னும் பத்து. பக்கத்துத் தடத்தில் இருந்த ஒரு முதியவர் தன் துவக்கை நீட்டி 'இதால சுடு' என்றார். பதினான்கு சென்ரிமீற்றருக்குள் ஐந்தும் விழுந்தது. அதற்குப் பிறகு என் கையைக் குறைசொல்ல முடியவில்லை. இன்னொன்றும் நடந்தது. சூடேறின பிறகு சுட்ட ரவையின் வெற்றுக் கோது, ரவை உட்காருகிற அறையிலேயே ஒட்டிக்கொண்டது, போல்ட்டை இழுக்கக் குதிங்கால் தேவைப்படும் போல இருந்தது. நேர் இழுப்புத் துவக்குகளின் பலவீனம் இது. கைப்பிடியைத் தூக்கித் திருப்புகிற துவக்கில் அந்தத் திருப்பலே கோதை நெம்பிக் கழற்றும். இதில் அந்த நெம்பு விசை குறைவு, ஆகவே அறைச் சுவரில் கொஞ்சம் துருக்குழியோ காய்ந்த கொழுப்போ இருந்தாலும் கோது பிடித்துக்கொள்ளும். கொழுப்பென்றால் அறைக்கென்றே இருக்கிற தூரிகையால் போகும். எனக்கு அது குழி. வெளியே வந்த கோதின் உடலில் அந்தக் குழிகளின் அச்சு சின்னச் சின்னப் பருவாகப் பதிந்திருந்தது. சந்தையில் சுட்டுப் பார்க்க முடியாதுதான், ஆனால் லைற்றைப் பின்பக்கத்தால் பிடித்து அறைச் சுவரைப் பார்க்கலாமே. நான் குழலை மட்டும்தான் பார்த்தேன். எல்லாரும் குழலை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோனபோது அவர் மரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. ரவைக்கூட்டைக் கழற்றி, அறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, உடற்பகுதியின் வலப்பக்கத்துப் பிடியை அழுத்தி போல்ட்டைப் பின்னால் உருவி எடுத்தார். பிறகு எரிமருந்து இல்லாத ஒரு போலி ரவையை எடுத்துச் சன்னம் கீழே பார்க்கக் குழல்வாயில் இறக்கினார். சன்னத்தின் ஒடுங்கின மூக்கு வரிமேடுகளில் முட்டி நிற்கிற இடத்தைப் பார்க்கிறார். தேயாத வாய் என்றால் கோதின் கழுத்துக்கும் குழல்வாய்க்கும் நடுவே நல்ல இடைவெளி நிற்கும். தேயத் தேயச் சன்னம் உள்ளே இறங்கும், இடைவெளி குறையும். தன்னுடைய நல்ல குழல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என்னுடையது ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் கூட இறங்கியது. அதைவிட மோசம், ரவையை மெல்லத் தட்டினால் ஒரு பக்கத்துக்கு ஆடியது. வாய் வட்டமாகத் தேயவில்லை, நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. சுட்டதால் இப்படித் தேயாது. துடைத்ததால்தான் தேயும். சுவிஸ் சிப்பாய் துவக்கை வீட்டில் வைத்திருப்பவர், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துடைப்பவர். போல்ட்டைக் கழற்றாமல் வாய்ப்பக்கத்தால் கோலையோ கயிற்றையோ விட்டு இழுத்தால் அது எப்போதும் ஒரே பக்கத்தில்தான் உரசும். இதைத் தடுக்கத்தான் வாயில் மாட்டுகிற உலோக மூடி கொடுத்தார்கள். எல்லாரும் அதை மாட்டினார்களா என்பது குழலைப் பார்த்தால் தெரியும். ஆக, அளவுக்கு மிஞ்சின சுத்தக்காரரிடம் இருந்து வந்த துவக்கு சோம்பேறியிடம் இருந்து வந்ததைவிட மோசமாக இருக்கலாம்.

மற்றப் பக்கத்துத் தேய்மானம் வேறு கதை. அறைக்கு முன்னால் வரி தொடங்குகிற இடத்தைத் தொண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேய்ப்பது சூடான வாயு, அதாவது சுட்ட ரவைகளின் எண்ணிக்கை. போட்டிக்காரர்கள் குறிபார்க்கிற பின்குறிக்குப் பதிலாக டயொப்ரர் என்கிற துளைக்குறியை மாட்டுவார்கள், துளை போடாமல் இறுக்கிப் பூட்டுகிற வகை. அதைக் கழற்றி விற்றாலும் இறுக்கின இடத்தில் கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளை இரும்பு தெரியும். அந்தத் தழும்பைக் கண்டால் ஆயிரக்கணக்கில் சுட்ட துவக்கு என்று எடுத்துக்கொண்டு தொண்டையை வடிவாகப் பாருங்கள். கைத்தொலைபேசியில் மாட்டுகிற மெல்லிய உட்காட்டிக் கமெரா இதற்குப் போதும். விலக்கவேண்டியதில்லை, போட்டிக்காரர் சரியாகத் துடைப்பவர், வாய் பெரும்பாலும் நன்றாக இருக்கும். சுடுகிற விசையையும் அவர்கள்தான் கிளறியிருப்பார்கள். நல்ல கே31 விசை இரண்டு படி: முதலில் தளர்வாக வந்து, ஒரு இடத்தில் சுவரில் முட்டினது போல நின்று, பிறகு உடையும். அந்தச் சுவரே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தால் உள்ளே யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். வெறும் துவக்கின் போல்ட்டைப் பலமாகத் தள்ளி மூடிப் பாருங்கள், விசையைத் தொடாமல் சுடும் ஊசி விழுந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

திருத்துபவர் கடைசியாக இரும்பை மரத்திலிருந்து பிரித்தார். முன் வளையம், நடு வளையம், பிறகு விசைக்காப்பின் இரண்டு பெரிய திருகாணிகள். மேல்மரத்தைத் தூக்கினதும் குழலின் மேற்பக்கத்தில் மரம் மூடியிருந்த இடம் எல்லாம் செந்துரு. மேலே தெரிகிற இரும்புக்குப் புதுக் கறுப்புப் பூசி, உள்ளே தொடாமல் விட்டிருக்கிறார்கள். விற்கிறவர் எல்லாரும் சந்தையில் இப்படிப் பிரிக்க விடமாட்டார்கள், நியாயம்தான். ஆனால் திருகாணித் தலையின் வெட்டைப் பாருங்கள். ஓரம் சிதைந்து வெள்ளை தெரிந்தால் பொருந்தாத கருவியால் யாரோ அடிக்கடி திறந்திருக்கிறார்கள். அதைக் காட்டிக் கேட்டால் விலையாவது இறங்கும். புதுக் குழல் போட எவ்வளவு என்று கேட்டேன். 700 பிராங்குக்குக் குறையாது என்றார். அதற்கு ஒரு நல்ல முழுத் துவக்கும் ரவையும் வாங்கலாம்.

விற்றுவிடலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் கடதாசிப் பிரச்சினை வெளியே வந்தது. கே31 மாதிரி கையால் இயக்குகிற துவக்குக்குச் சுவிஸ் குடிமகன் முன்அனுமதிப் பத்திரம் எடுக்கத் தேவையில்லை, எழுத்து ஒப்பந்தம் போதும். ஒப்பந்தத்தில் இரண்டு பேருடைய பெயர், முகவரி, பிறந்த திகதி, துவக்கின் வகை, தொடர் எண், நாள், கையொப்பம், அடையாள அட்டையின் நகல் எல்லாம் இருக்கவேண்டும். கைமாற்றுகிறவர் அதன் நகலை 30 நாளுக்குள் மாநிலப் பதிவுப் பிரிவுக்கு அனுப்பவேண்டும், இரண்டு பேரும் பத்து வருடம் வைத்திருக்கவேண்டும். எனக்கு விற்றவர் 'நான் அனுப்பிவிடுவேன்' என்றார், நம்பினேன். அனுப்பவில்லை. போதாக்குறைக்கு ஒப்பந்தத்தில் தொடர் எண்ணின் ஒரு இலக்கத்தைப் பிழையாக எழுதியிருந்தார், நானும் சரிபார்க்காமல் கையெழுத்து வைத்தேன். பதிவுப் பிரிவில் இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார், ஆனால் அதைச் சீர்செய்ய மூன்று கிழமை அலைந்தேன். இப்போது துவக்கைக் கையில் வைத்து எண்ணை இலக்கம் இலக்கமாக வாசித்த பிறகே பேனையை எடுப்பேன். நகலை நானும் அனுப்பி, அனுப்பின சீட்டையும் வைத்திருப்பேன். எடுத்துக்கொண்டு போகும்போது துவக்கு வெறுமையாக, ரவைக்கூட்டில் ரவை இல்லாமல், ரவை தனியாக. வழியில் தேத்தண்ணிக் கடை, சாமான் கடை என்று சுற்றாமல் நேரே போய் நேரே வருவது.

இரண்டாவது கே31-ஐ வாங்க நான்கு மாதம் எடுத்தேன், பதினொரு துவக்குப் பார்த்தேன். ஒரு பழைய பென்சில் பெட்டிக்குள் பத்துக் காய்ந்த துணித்துண்டு, இழுகயிறு, சின்ன லைற், பத்து மடங்கு பெரிதாக்குகிற கண்ணாடி, போலி ரவை. பார்க்கிற ஒழுங்கும் மாறிவிட்டது. முதலில் வெறுமை பார்ப்பது, போல்ட்டை உருவுவது, காய்ந்த துண்டு, பிறகு வாயிலிருந்தும் அறையிலிருந்தும் இரண்டு பக்கத்தாலும் வெளிச்சம். அடுத்தது போலி ரவை. அதற்குப் பிறகு போல்ட்டின் முகம்: ஊசித் துளையைச் சுற்றி வளையமாகச் சின்னக் குழிகள் இருந்தால் பற்றவைக்கும் மூடி கசிந்து வாயு அரித்திருக்கிறது. எண்கள் அதற்கும் பிறகு. மரம் கடைசி. முன்பு மரத்தில் தொடங்கி மரத்திலேயே முடித்தேன்.

தேடின காலத்தில் இரண்டு பொறியைக் கடந்து வந்தேன், அதையும் சொல்லவேண்டும். ஒன்று, 1889 மாடல் நீளத் துவக்கு. சிமிட்–ரூபின் வரிசையில் முதலாவது, பன்னிரண்டு ரவைக் கூடு பெரிதாகத் தொங்கும், பார்க்க வடிவு, விலையும் மலிவு. 'இதுக்கும் 7.5 தானே, அதே ரவையைப் போடலாம்' என்று ஒருவர் சொன்னார். போடக்கூடாது. அது பழைய, அமுக்கம் குறைந்த ரவைக்குச் செய்தது. போல்ட்டின் பூட்டு வெகு பின்னால் இருக்கிறது. ஜிபி11-இன் அமுக்கத்துக்கு அந்த நீளப் போல்ட் கட்டினதில்லை. சுவரில் மாட்ட வாங்கலாம். 1911 மாடல் நீளத் துவக்கும் கே11-உம் ஜிபி11-க்கே செய்தவை. 1896 மாடலைத் திருப்பிக் கட்டின 96/11-உம் அப்படியே, புதுக் குழல் போட்டு, நேராக இருந்த பிடங்கில் பிடிவளைவு மரத்தை ஒட்டியிருப்பார்கள், ஒட்டுக்கோடு தெரிந்தால் அது பழுது இல்லை. ஆனால் அவற்றின் ரவைக்கூடு கே31-க்குப் போகாது. மற்றப் பொறி தொலைநோக்கி பூட்டின குறிசூட்டுத் துவக்குகள், 31/42, 31/43, பிறகு வந்த 55. ஆயிரக்கணக்கான பிராங் விலை, சாதாரண கே31-இல் பாகங்களைப் பூட்டி ஏமாற்றுவதற்குக் காரணமும் அந்த விலைதான். தொலைநோக்கியின் எண் துவக்கோடு பொருந்துவதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று உறுதிப்படுத்தாமல் அந்த மேசைப் பக்கம் போகவேண்டாம். கத்தி, தோல் வார், மூடி எல்லாம் சேர்த்துத் 'தொகுதி' என்று 150 கூடக் கேட்பார்கள். தனித்தனியாக அதைவிட மலிவாகக் கிடைக்கும்.

கடைசியில் வாங்கினது 1953ஆம் ஆண்டுத் துவக்கு, பீச் மரம், 320 பிராங். பிடங்கின் அடி வழமைபோல உடைந்து கறுத்திருக்கிறது, நடுவில் கைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். எண்கள் எல்லாம் ஒன்று. போலி ரவை ஆடாமல் நின்றது. காய்ந்த துண்டு முதல் தரமே சாம்பல் நிறத்தில் வந்தது, இரண்டாவது வெள்ளை. சுடுதிடலில் ஐந்து ரவை பன்னிரண்டு சென்ரிமீற்றர். மரத்தை ஈரத் துணியால் துடைத்து, ஒரு மெல்லிய பூச்சு ஆளிவிதை எண்ணெய் கொடுத்ததோடு சரி. பொலிஷ், வார்னிஷ் ஒன்றும் கிட்டப் போகவில்லை.

பிடங்குத் தகட்டின் இரண்டு திருகாணியையும் கழற்றிப் பார்த்தேன், பல கே31-களில் அதற்குள் கடைசியாக வைத்திருந்த சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் எழுதின சின்னத் துண்டு இருக்கும். இருந்தது, மூலைகள் மஞ்சளித்து, ரைப் அடித்த எழுத்து. முதல் துவக்கில் அந்த இடம் வெறுமை, மரத்தை உரைத்தவர் அதையும் எறிந்திருப்பார். இதைப் படம் எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்து, தகட்டைப் பூட்டிவிட்டேன். ஈரம் பார்த்துப் பூட்டுங்கள், எண்ணெய்க் கையால் தொட்டால் எழுத்து ஊறிப்போகும்.